அளவுக்கு ஓர் ஆள்

கடற்கரைச் சாலையிலுள்ள விடுதி ஒன்றில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நீர்வண்ண ஓவிய வகுப்பு என்று எங்கள் அணுபுரம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சேர்ந்தேன். கல்பாக்கத்தில் இருபது வருடமாகக் குழாய்களையும் வால்வுகளையும் வரைந்து தள்ளுகிறவள் நான். கொஞ்சம் நிறத்தோடு எதையாவது வரையலாம் என்ற ஆசைதான்.

ஆசிரியர் சென்னைக்காரர். கைத்தறிக் குர்த்தா, ஓலைத்தொப்பி, தூரிகை கழுவுவதற்கென்றே காரில் ஒரு கேன் தண்ணீர். இந்தப் பக்கத்துத் தண்ணீர் பட்டால் நிறம் செத்துவிடுமாம்.

முதல் வாரம் எங்களைத் தூரிகையைத் தொடவே விடவில்லை. நீர்வண்ணத்தின் வரலாறு என்று ஒன்றரை மணி நேரம் பேசினார். சீனாவில் மையும் நீரும் என்று ஆரம்பித்தவர், இரண்டே நிமிடத்தில் சீனாவைக் கடந்து இங்கிலாந்தில் போய் இறங்கினார். அப்புறம் கிளம்பவே இல்லை. எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும், இது சட்டென்று காயும், சின்னப் பெட்டியில் அடங்கும், அதனால் நிலம் அளக்க வந்த துரைகள் இதைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்றார். மாமல்லபுரத்துப் பாறைகளையும் அப்படித்தான் வரைந்தார்களாம். நிறத்தைத் தாளில் பிடித்துவைக்கும் பிசின் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது என்றபோது, கருவேலம் பிசின் செங்கல்பட்டு ஏரிக்கரையிலேயே கிடைக்குமே என்றேன்.

"அது லோக்கல் குவாலிட்டி மேடம்" என்றார். முன்வரிசை ஐ.டி.க்காரர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வாரம் பழைய படங்களின் அச்சுப்பிரதிகளைக் காட்டினார். பெரிய பாறை, அதன் காலடியில் கோவணத்தோடு சுண்டுவிரல் உயரத்தில் ஒருவன். அவன் யார் என்று கேட்டேன். பாறை எவ்வளவு பெரியது என்று தெரிய வேண்டாமா, அளவுக்காக ஓர் ஆளை நிறுத்துவார்கள் என்றார். எங்கள் வேலையில் அதற்கு ஓரத்தில் ஓர் அளவுக்கோடு போட்டால் போதும்.

அடுத்து வந்தவை துரைகளுக்காக நம் ஓவியர்கள் வரைந்து கொடுத்தவை. தாளுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி, கையில் தொழிற்கருவி, கீழே ஆங்கிலத்தில் சாதிப்பெயர். ஒன்றில் எங்கள் சாதிப்பெயர் இருந்தது. அவன் மண்வெட்டியோடும் அவள் கூடையோடும் நின்றார்கள். நன்றாக வரைந்திருந்தான், யாரோ. அவளுடைய விரல் முட்டிகள் நடவுக்குப் போய்வந்த என் அம்மாவின் முட்டிகளைப் போலவே வீங்கியிருந்தன. ஆசிரியர் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. தோலின் கறுப்பு நிறத்தை ஒரே பூச்சில் கொண்டுவந்துவிட்டான், என்ன தெளிவு என்று சிலாகித்தார். வரைந்தது யாரென்று கேட்டேன். தெரியாதாம். இவர்கள் யாரென்று கேட்டேன். "கீழேதான் எழுதியிருக்கே" என்றார். அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டினேன். அவரைவிட என்மேல்தான் அன்றைக்கு எனக்கு எரிச்சல்.

மூன்றாம் வாரம் உயிருள்ள மாடல். விடுதித் தோட்டத்தில் வேலை செய்யும் நெம்மேலிப் பெண்ணை வரவழைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். சீருடையான நீலக் கோட்டைக் கழற்றச் சொல்லி, பழஞ்சேலை ஒன்றைக் கட்டவைத்து, தலையில் சவுக்கு விறகுக் கட்டை ஏற்றினார். அரைமணி நேரம் நின்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னாத்துக்குக்கா இந்த வெறகு? எங்க வூட்ல கேஸு கீது. எம்பொண்ணு நர்சிங் படிச்சிகினு கீறா."

இறக்கி வைத்துவிடுங்கள் என்றேன். அவள் ஆசிரியரைப் பார்த்தாள். அசையாதே, நிழல் மாறுகிறது என்று அவர் அதட்டினார். நான் எழுந்துபோய்க் கட்டை இறக்கிக் கீழே போட்டேன். காம்போசிஷன் கெட்டுவிட்டது என்று அவர் முணுமுணுத்தார்.

அவள் கழுத்தைத் தேய்த்தபடியே, "குந்திகினா வரைய மாட்டாரா?" என்றாள்.

மாட்டாராம். உட்கார்ந்தால் படத்தில் சுவாரசியம் இருக்காதாம்.

நான்காம் வாரம் விருப்பப்பட்டதை வரையச் சொன்னார். அவரையே வரைந்தேன். வெற்றுத் தாளின் நடுவில் குர்த்தா, தொப்பி, கையில் தூரிகை. பக்கத்தில் நிறுத்த மனைவி இல்லாததால் தண்ணீர் கேனை நிறுத்தினேன். கீழே, ஆபீசில் எழுதும் அச்சுப்போன்ற எழுத்தில், 'நீர்வண்ண வாத்தியார், சென்னை' என்று எழுதினேன். வெகுநேரம் பார்த்தார். தலை சின்னதாகிவிட்டது, வாஷ் பூச்சில் தெளிவில்லை என்றார். அவருக்குக் கடைசிவரை வேறெதுவும் தோன்றவில்லை. மற்றவர்களோடு எனக்கும் சான்றிதழ் தந்தார்.

வெளியே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவளிடம் படத்தைக் காட்டினேன். சிரித்துச் சிரித்துச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். உங்களை வரையட்டுமா என்று கேட்டேன். எப்படி உட்கார வேண்டும் என்பதை அவளே முடிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு நெம்மேலியில் அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். பின்னால் மகளுடைய ஸ்கூட்டி நின்றது. இரண்டு மணி நேரம் வரைந்தேன். கடல் காற்றில் தாள் படபடத்தது, ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறத்தை வைத்து முகத்தைச் சேறாக்கினேன். வாங்கிப் பார்த்தாள்.

"வண்டி சூப்பரா வந்துகீது. மூக்கு என்து இல்ல."

உண்மைதான். யாருடைய மூக்கோ. புதுத் தாளை எடுத்துப் பலகையில் ஒட்டினேன். அவள் தேநீர் போட உள்ளே போனாள்.