வாய்ப்புச் செலவுக்கு ஒரு உதாரணம்

எனக்கு வாய் அதிகம். ஆந்திராவில், புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து வருடமாக ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குச் சோஷியல் எடுக்கிறேன். அதிலும் பொருளாதாரம் என்றால் எனக்குத் தனிக் கொண்டாட்டம். வரலாற்றில் தேதி மறந்துபோகும். இதில் மறக்க என்ன இருக்கிறது, எல்லாம் நம் வீட்டு வாசலில் தினம் நடப்பதுதானே என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வேன்.

வாய்ப்புச் செலவு என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்காக நாம் கைவிடுகிற அடுத்த நல்ல பொருள் எதுவோ, அதுதான் உண்மையான செலவு. இதற்கு வருடா வருடம் ஒரே உதாரணம்தான் சொல்வேன். கையில் பத்து ரூபாய் இருக்கிறது. பேனா வாங்கினால் மிட்டாய் கிடையாது. ஆகவே பேனாவின் வாய்ப்புச் செலவு மிட்டாய். என் மகள் என்னிடமே படித்தவள். பத்தாவதில் இந்தப் பாடம் நடத்திய அன்று வீட்டுக்கு வந்து, "இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் மிட்டாய்தானா? வேற உதாரணமே உனக்குக் கெடைக்கலியா?" என்று கிண்டல் செய்தாள். முதுகில் ஒன்று வைத்தேன்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. எல்லாமே தோத்தாபுரி, அதாவது கிளிமூக்கு. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன நாலு காய் போதும். மீதி முழுவதையும் ஜூஸ் பேக்டரி எடுத்தால்தான் காசு. தோப்பு என் வீட்டுக்காரர் பொறுப்பு. அதில் மூக்கை நுழைப்பது என் வழக்கம்.

மகள் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த வருடம் அவளுக்குத் திருப்பதியில் ஒரு காலேஜில் நர்சிங் சீட் கிடைத்தது. சனிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். என் சம்பளம் வீட்டுச் செலவுக்கே இழுபறி. என் நகைகள் தோப்புக்கு மருந்து அடித்ததில் ஏற்கெனவே பேங்கில் அடகு இருந்தன. ஆக, மரத்தில் தொங்கிய காய்தான் அவளுடைய பீஸ்.

அந்த வருடம் எல்லார் தோப்பிலும் காய்த்துத் தள்ளியது. செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் மண்டிக்காரர் எங்கள் தோப்புக்கே வந்து நின்றார்.

"ஏமண்டி டீச்சரம்மா, இப்பவே அறுத்துக் கொட்டிடுங்க. டப்பு இன்னிக்கே கையில" என்றார் பாதித் தெலுங்கில்.

அவர் சொன்ன விலை, பேக்டரிகள் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்த விலையில் பாதி. அந்தப் பாதியும் பீஸுக்குச் சரியாகப் போதும். அதனால் என் வீட்டுக்காரர் உடனே தலையாட்டினார். "குடுத்துடலாம்மே. பொண்ணு காலேஜ் சேந்தா சரி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பேப்பர்ல போட்ட வெலையில பாதிக்கா? இன்னாங்க நீங்க, படிச்சவ சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க. நடுவுல நிக்கறவங்க கொழுக்கறதுக்கா மரம் வளத்தோம்? நேரா பேக்டரிக்கு ஏத்துங்க."

மண்டிக்காரர் சிரித்துவிட்டு, "மீ இஷ்டம் அம்மா" என்று பைக்கைக் கிளப்பினார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முந்தின நாள்தான் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, சந்தை விலையை விட அதிகமாக ஒரு விலையை நிர்ணயித்தால் விற்க வருபவர்கள் கூடுவார்கள், வாங்குபவர்கள் குறைவார்கள், சரக்கு மிஞ்சும் என்று பாடம் நடத்தியிருந்தேன். "மிஞ்சுன சரக்கு இன்னா ஆவும் டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டது. "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்றேன்.

புதன்கிழமை டிராக்டர் நிறைய ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது, பேக்டரி கேட்டிலிருந்து மெயின் ரோடு தாண்டிப் பாலம் வரைக்கும் டிராக்டர்கள் நின்றன. மாவட்டத்தில் பாதிப் பேருக்கு என்னைப்போலவே யோசனை வந்திருந்தது. டோக்கன் கொடுத்தார்கள். வண்டிதான் நகரவில்லை.

பள்ளி விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்து அவருக்குச் சோறு கொண்டுபோவேன். டிராக்டர் நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். காய்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, அது காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பழுத்த வாசனை வர ஆரம்பித்தது. வேறு சமயமாக இருந்தால் நல்ல வாசனைதான். அன்றைக்கு நானும் ஒரு சாக்கை நனைத்துக் காய்மேல் போட்டேன்.

வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு அம்மா கூடையில் இட்லி விற்றுக்கொண்டு வந்தார். வரிசை நீள நீள இட்லி விலையும் ஏறியது. நான் விடுவேனா? "நேத்து ஒரு வெல, இன்னிக்கு ஒரு வெலையா? நியாயமா இது?" என்று மல்லுக்கு நின்றேன்.

அந்த அம்மா கூடையை இறக்கக்கூட இல்லை. "உன் மாங்காக்கு வெல பேப்பர்ல கீது. என் இட்லிக்கு வெல இவங்க பசியில கீது. வோணான்னா வுடும்மா" என்று அடுத்த டிராக்டருக்குப் போய்விட்டார்.

பதினைந்து வருடப் பாடத்தை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் போய் நின்றேன். மத்தியானம் எங்கள் வண்டி கேட்டைத் தொட்டது. ஒரு ஆள் ஏறி, மேலிருந்து நாலு, அடியிலிருந்து நாலு எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் உள்ளே போனது. "லோடு வேணாம், திருப்பு" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மகள் படிப்பு என்றேன், பீஸ் என்றேன். பின்னால் நின்ற டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். அவருக்கும் ஒரு வீடு இருக்கும்.

அதே மண்டிக்காரரிடம்தான் திரும்பி வந்தோம். பொறுக்கியெடுத்த காய்க்கு மட்டும், செவ்வாய்க்கிழமை சொன்னதில் கால் பங்கு கொடுத்தார். அது டிராக்டர் வாடகைக்குப் போயிற்று. மீதியை ஏரிக்கரையில் கொட்டினோம். மாடுகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை தாண்டியது. திங்கட்கிழமை மகளோடு திருப்பதி போய் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். பட்டியலில் அடுத்த பெண்ணுக்குச் சீட் போய்விட்டது என்றார்கள். திரும்புகிற பஸ்ஸில் அவள், "வுடும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று வீட்டுக்காரர் நாலு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன். பாவி மனுஷன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அடுத்த மாதம் பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தது. தலைப்பைக் கரும்பலகையில் எழுதினேன். விளக்கத்தையும் சொன்னேன். "உதாரணம் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன்.

"டீச்சர், அக்கா வந்துகீறாங்க" என்றது முதல் பெஞ்சு.

வாசலில் என் மகள் நின்றாள். நான் மறந்துவிட்டு வந்த டிபன் டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். காலேஜுக்கென்று எடுத்த புதுச் சுடிதாரைப் போட்டிருந்தாள்.

"மூடி லூசா கீதும்மா, சாம்பார் கொட்டிடப் போவுது" என்று டப்பாவை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் கரும்பலகையைப் பார்த்தாள். மெல்லச் சிரித்து, "இன்னும் மிட்டாய்தானா?" என்றாள்.

"ஆமா" என்றேன். அவள் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது பேனாக்கள் தயாராக இருந்தன.

"மிட்டாய்" என்றேன். "மிட்டாய்னே எழுதிக்கோங்க."