நாவலில் வந்த சாவு வீடு

எனக்கு எழுத்து தெரியாது. போனில் யாராவது நாவல் வாசித்தால் கேட்பேன். இதையும் போனிடம் சொல்லித்தான் எழுதுகிறேன்.

இந்த வாரம் கேட்டது எங்களைப் போல தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருப்பவர்களைப் பற்றிய நல்ல நாவல், ஒரே ஒரு பொய்யைத் தவிர.

இன்று இரத்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணின் கையில் அதே புத்தகம். அட்டைப் படத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். நாவலைப் பற்றிப் பேச ஆளே கிடைக்காதவன், விடுவேனா?

"அதுல கெழவன் செத்த அன்னைக்கே எல்லாரும் கொழுந்தெடுக்கப் போறாங்கல்ல, பச்சப் பொய்ம்மா. லயத்துல சாவு விழுந்தா ஒருத்தரும் வேலைக்கு எறங்க மாட்டாங்க. எங்கப்பா செத்தப்போ மலையே வெறிச்சோடிக் கெடந்துச்சு."

"அது அந்தக் காலம் தாத்தா. போன மாசம் எங்க லயத்துல பக்கத்து வீட்டு மாமா செத்தாரு. பாதிப் பேரு வேலைக்குப் போயிட்டு அந்திக்குத்தான் வந்தாங்க."

"நீ?"

"நானும் கடை வேலைக்குப் போயிட்டேன். லீவு குடுக்கல தாத்தா."

மாத்தளையில் அவள் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டும். அவர் எழுதியதுதான் சரி.

எங்கள் லயத்து ஆட்களும் இங்கே பேஸ்புக்கில் இருக்கிறீர்கள். வீட்டில் நான் தனி ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். என் சாவன்று யார் யார் வேலைக்குப் போவீர்கள்? வெட்கப்படாமல் சொல்லுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்கிறேன்.