சிவப்பு முனையில் தொங்கிய தே

பினாங்கின் சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் இடம். அக்கரையில் பிறை என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைகளிலிருந்து வரும் மீட்டர்களைச் சரிபார்த்துக் கொடுப்போம். அதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு நுண்வோல்ட் மீட்டர். பக்கத்தில் மூச்சு விட்டாலே எண் மாறும், அவ்வளவு ரோஷம். காலையில் அதன் சிவப்பு, கறுப்பு முனைகளைச் செம்புக் கம்பியால் இணைத்து, பூஜ்யம் காட்ட வைத்த பிறகுதான் மற்ற வேலை.

சில வாரங்களாக, காலையில் வைத்த பூஜ்யம் மதியத்துக்குள் விலகிப்போனது. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள்.

"ஒன் கைராசி சரியில்லம்மா. மீட்டரும் கெட்டு ரோசாக் ஆயிடுச்சு, வித்துடலாம்லா" என்றார் முதலாளி.

மீட்டர் போனால் அதன் பின்னாலேயே நானும் படியிறங்க வேண்டியதுதான். அதைவிட, கைராசியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதலாளி வராத ஒரு நாள், மீட்டர் சாயங்காலம் வரை பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தினமும் காலையில், நான் பூஜ்யம் வைக்கும் முன்பே, கீழே இருந்து எனக்கும் சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் சூடாகத் தே, அதாவது பால் தேநீர், வாங்கி வருவார். பையின் கயிற்றை மீட்டரின் சிவப்பு முனையில் மாட்டுவார். பினாங்கில் தேப் பையோடு வருகிறவர் கண்ணுக்கு எந்தக் குமிழும் ஆணிதான். ஒரு முனை மட்டும் சூடானால் அந்த இணைப்பிலேயே துளி மின்னழுத்தம் பிறக்கும். மீட்டர் அதையும் சேர்த்துப் பூஜ்யமென்று நம்பும். சூடு ஆறியதும் எண் எதிர்ப்பக்கம் ஓடும்.

அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். கைராசி என்றவருக்கு வெளியாள் முன்னால் காட்டுவதென்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பிறையிலிருந்து ஒரு இன்ஜினியர் அக்கா மீட்டரை நேரிலேயே பார்க்க வந்தார். முதலாளி வரும் முன்பே நான் பூஜ்யம் வைத்தேன். எண் அசையவில்லை. முதலாளி தேயோடு வந்தார், வழக்கம்போல மாட்டினார். எண் ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!" என்றார் பெருமையாக.

நான் பையைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது. திரும்ப மாட்டினேன். மறுபடி ஓடியது.

"அண்ணே, மீட்டர் நல்லாத்தான் இருக்கு. மொதல்ல தேப் பைய எறக்குங்க" என்றார் அந்த அக்கா.

அவர் போனதும் முதலாளி மீட்டரை விற்கும் பேச்சையே விட்டுவிட்டு, சுவரில் தேப் பைக்கென்று ஓர் ஆணி அடிக்கப் போனார். முதல் அடி கட்டைவிரலில் விழுந்தது.

"நான் அடிக்கவா, பாஸ்? என் கைராசியப் பாப்போம்."

அவர் விரலை வாயில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுத்தியலை நீட்டினார்.