யாரு சேலை?

எனக்குத் தைக்க வராது. நான் பட்டன் வைத்தால் சட்டை கோணும். நான் போட்ட தையலைப் பிரிக்க இன்னொருத்தி வேண்டும். அப்படிப்பட்டவள் மூன்று வருடமாக ஒரு தையல் குழுவில் இருக்கிறேன். சனிக்கிழமை மதியம், சங்கரன்கோவிலில் நைட்டி தைக்கிற ஒரு கூடத்தின் மாடியில் பன்னிரண்டு பெண்கள் கூடுவோம். பழைய பருத்திச் சேலைகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, பிறந்த பிள்ளைகளுக்குப் போர்வை தைப்பார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போகும். நான் டீ ஊற்றுவேன், நூல் எடுத்துக் கொடுப்பேன், வாய் ஓயாமல் பேசுவேன். வருடத்துக்கு ஒருமுறை குழு ஆரம்பித்த நாளைக் கொண்டாடும்போது மட்டும் எனக்கு மரியாதை. “டீச்சர்தான் வெளையாட்டு நடத்தணும்” என்று மைக்கைக் கையில் திணித்துவிடுவார்கள்.

இந்த வருடம் கோவில் ஆடித்தபசுக் கூட்டமெல்லாம் கலைந்து, ஆவணி முதல் சனிக்கிழமை விழா வைத்தோம். முதல் விளையாட்டு ஊசியில் நூல் கோர்ப்பது. ஒரு நிமிடத்தில் யார் அதிக ஊசி கோர்க்கிறார்களோ அவர்களுக்கு ஜெயம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அடக்கிவிடுவேன். இவர்களை அடக்க முடியாது. ஒருத்தி வீட்டிலேயே கோர்த்த ஊசிகளை முந்தானையில் குத்திக்கொண்டு வந்திருந்தாள். கேட்டால், “நீங்க இங்கனதான் கோக்கணும்னு சொல்லலியே” என்கிறாள். அடுத்தது கண்ணைக் கட்டிக்கொண்டு துணியைத் தொட்டுப் பார்த்து வாயிலா, மல்லா, பாலியஸ்டரா என்று சொல்வது. கட்டை விலக்கிப் பார்க்காதவள் ஒருத்திகூட இல்லை. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மூன்றாவது விளையாட்டு என் சொந்தக் கண்டுபிடிப்பு. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

‘யாரு சேலை?’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். தைத்து முடித்த ஒரு போர்வையை விரித்துப் பிடிப்பேன். ஒவ்வொரு சதுரமாகக் காட்டுவேன். அது யாருடைய சேலை என்று முதலில் சொல்கிறவளுக்கு ஒரு பாயிண்ட். துணிக்குச் சொந்தக்காரி அந்தச் சேலையின் கதையைச் சொல்ல வேண்டும். அதிகப் பாயிண்ட் எடுப்பவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

போர்வைக்காக அலமாரியைத் திறந்தேன். எந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது என்று சீட்டு எழுதி, போர்வையின் மூலையில் ஊக்கால் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். அடியில், நாலாக மடித்து, எல்லாவற்றையும்விட நேர்த்தியாக ஒன்று இருந்தது. சீட்டில் ‘ஐப்பசி’ என்று எழுதியிருந்தது. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது, கொஞ்சம் கசங்கினாலும் துவைத்துக்கொள்ளலாம் என்று அதையே எடுத்தேன். கையெழுத்து ராயகிரி அக்காவுடையது என்று தெரிந்தது. அது ஆஸ்பத்திரிக்கு உள்ளது இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

ராயகிரியிலிருந்து இங்கே வாழ வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். எங்கள் குழுவில் அவர் கைத்தையல்தான் முதல் தரம். அதிகம் பேச மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், வீட்டுக்குப் பிடிக்காத பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். வேறு சாதி. அன்றைக்கே அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்று, தெருவே பார்க்க, குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றி, “எனக்கு மக இல்ல” என்று தலைமுழுகினார். பிள்ளையின் துணிமணி, புத்தகம் எல்லாவற்றையும் அந்த வாசலிலேயே போட்டு எரித்ததாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எடுக்க முடியாதபடி இன்னொரு காரணமும் இருந்தது. அவர் வீட்டுக்காரரின் அக்காவும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். புளியங்குடியில் கட்டிக்கொடுத்த அந்த அம்மாளை எல்லோருமே மதினி என்போம். நல்ல மனுஷிதான். ஆனால் தம்பி கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார்.

போர்வையை நான் விரித்தபோது ராயகிரி அக்கா எழுந்து நின்றார். “டீச்சர், அது வேண்டாம், வேற எடுங்க” என்றார். எனக்குக் காதில் விழுந்தது. சத்தியமாக விழுந்தது. தன் தையலை எல்லோரும் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, “உங்க வேலையப் பாக்கத்தானக்கா எல்லாரும் வந்திருக்கோம், உக்காருங்க” என்று மைக்கில் சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்தார்.

ஆட்டம் சூடு பிடித்தது. நாலைந்து சதுரம் போனது. மதினியும் நைட்டிக் கூடத்து அக்காவும் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். நடுச் சதுரத்தில் விரலை வைத்தேன். மாம்பழ மஞ்சளில் பொடிப் பொடியாக அரக்கு மயில்.

“ஏட்டி, இது நான் எடுத்தது!” மதினி துள்ளிவிட்டார். “திருநவேலில நாலு கட ஏறி எறங்கி எடுத்தேன்லா! எங்க தம்பி மக சடங்குக்கு அத்த எடுத்த தாவணில்லா இது!”

ஜெயிக்கிற வேகத்தில் வந்த வார்த்தை. சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. நானோ, மடச்சி, பழக்கதோஷத்தில் கரும்பலகையில் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ராயகிரி அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. எரித்ததாகச் சொன்ன தாவணி போர்வையின் நடுவில் இருக்கிறது. சீட்டில் ஐப்பசி. பிள்ளை பெற்றவர்கள் நிறைந்த கூடத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கு ஐப்பசியில் பிரசவம். அம்மாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் பேச்சு இருந்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர முடியாதவர், ஒரு போர்வையாவது போய்ச் சேரட்டும் என்று தைத்திருக்கிறார். அதை நான் மைக் வைத்து ஊருக்குச் சொல்லியிருக்கிறேன்.

“இல்ல மதினி, அது நான் கொடுத்த துணி. எங்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. இரண்டு சதுரத்துக்கு முன்னால்தான், “நான் ஒரு முழத் துணிகூடக் குடுத்ததில்ல, அதனால ஆட்டத்துல நான் கெடயாது” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தேன்.

மதினி என்னைப் பார்க்கவே இல்லை. தம்பி மனைவியைப் பார்த்து, “துணிக்காரி கதையச் சொல்லணும்லா. சொல்லு” என்றார். கோபமா, அழுகையா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ராயகிரி அக்கா மெதுவாகச் சொன்னார்: “கத என்ன மதினி. உங்க தம்பி தலைல ஊத்துன தண்ணி ஓடிவந்து, அதுமட்டும் நனஞ்சு கெடந்துச்சு. எரியல. எரியாதத நான் என்ன செய்ய?”

மதினி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். “மதினி, அவங்ககிட்ட சொல்லிராதீங்க, மதினி” என்று இவர் பின்னாலேயே ஓடினார். செருப்பைக்கூடப் போடவில்லை. போர்வை என் கையிலேயே இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெயிலில் வெறுங்காலோடு தெரு முனைவரை போனார். மதினி திரும்பவில்லை. நாங்கள் பத்துப் பேர் நின்றோம், ஒருத்திக்கும் இறங்கிப் போகத் தைரியம் வரவில்லை. ‘குடும்ப விஷயம்’ என்று யாரோ சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கலைந்தோம்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வரவில்லை. ராயகிரி அக்காவின் போன் அணைந்தே கிடக்கிறது. மகள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. திருப்பூர் என்கிறாள் ஒருத்தி, ஓசூர் என்கிறாள் இன்னொருத்தி. விலாசம் தெரிந்த ஒரே ஆள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், பார்க்க முடியவில்லை.

ஐப்பசி பிறந்த மறுநாள் பொறுக்கமாட்டாமல் போர்வையைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் செருப்பையும் வைத்திருந்தேன். வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார்.

“அவ ராயகிரிக்குப் போயிருக்கா டீச்சர். வர நாளாகும்.”

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் கேட்கிறது, எனக்கும் கேட்கிறது. கதவை விட்டு அவர் நகரவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அதட்டுகிற எனக்கு, “பொய் சொல்லுதீங்களே அண்ணாச்சி” என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் அந்த அடி யார் மேல் விழும்?

செருப்பை மட்டும் வாசலில் வைத்தேன். பிறகு, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெளையாட்டுச் சாமான் ஒண்ணு எங்கிட்ட தங்கிப்போச்சு. பத்திரமா இருக்குன்னு அக்காட்ட சொல்லிருங்க. எங்க அனுப்பணும்னுதான் தெரியல.”

மெஷின் நின்றது.

நான் காத்திருந்தேன். அவரும் திரும்பி உள்ளே பார்த்தார். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவர் கதவைச் சாத்தினார்.

இன்றைக்குக் கார்த்திகை ஒன்று. பிள்ளை பிறந்திருக்கும். என்ன பிள்ளை என்று தெரியாது. போர்வை என் பீரோவில், சீட்டோடு அப்படியே இருக்கிறது.