கறுப்புப் புள்ளி

குளத்துக்கு மருந்து போடுகிறவர் என்பதால் கிளப்பில் அவருக்கு மருந்தண்ணன் என்றே பெயர். நீச்சல் குளத்தைத் தவிர வேறு வேலை அவர் பார்த்ததில்லை. நீந்தத் தெரியாது. கேட்டால், "சமையல்காரன் என்ன குழம்புலயா குளிக்கிறான்?" என்பார். அவர் மனைவிக்கும் அங்கேயே வேலை. உடை மாற்றும் அறைகளைக் கழுவிவிடுவாள்.

அந்தக் கோடையில் தண்ணீர் கலங்கியது. குளோரின் போடப் போடக் கலக்கம் கூடியது. காரணம் அவருக்குத் தெரியும். அவர் மிதக்கவிடும் மாத்திரைகளில் குளோரினோடு ஸ்டெபிலைசரும் உண்டு. வெயில் குளோரினைத் தின்றுவிடாமல் அது குடை பிடிக்கும். ஆனால் குளோரின் செலவாகிவிடும், ஸ்டெபிலைசர் செலவாகாது. தண்ணீரிலேயே தங்கி, மாத்திரைக்கு மாத்திரை சேர்ந்துகொண்டே போகும். மிஞ்சிவிட்டால் குளோரினை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

அதை அளக்க ஒரு குழாய் வைத்திருந்தார். அடியில் கறுப்புப் புள்ளி. குளத்து நீரில் ஒரு திரவத்தைக் கலந்தால் பால்போல வெளுக்கும். அதைக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி சீக்கிரம் மறைந்தால் ஸ்டெபிலைசர் அதிகம். குழாய் நிரம்பியும் மறையாவிட்டால் இல்லவே இல்லை. பக்கத்தில் அச்சடித்த எண்களை அவர் இப்போதெல்லாம் படிப்பதில்லை. குழாயை ஆள்காட்டி விரலோடு ஒட்டிப் பிடித்து, எந்த ரேகையில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்வார்.

புள்ளி உடனே மறைந்தது. பாதித் தண்ணீரை இறக்கினார். லாரிகள் வந்து நிரப்பின. மாத்திரையை நிறுத்தித் திரவ குளோரினுக்கு மாறினார். குளம் தெளிந்தது. மறுவாரம் அளந்தார். புள்ளி அதே ரேகையில் மறைந்தது.

"என்னண்ணே, மறுபடியும் லாரியா?" என்றார் மானேஜர். "நாம வச்சிருக்கிறது குளமா, ஓட்டை வாளியா?"

"எறக்கித்தான் ஆகணும் சார்."

இறக்கினார், நிரப்பினார். அதற்கடுத்த வாரமும் இறக்கினார். புள்ளி நகரவில்லை.

மாத்திரை போடாமல் எப்படி ஏறும்? மருந்து அறையின் இன்னொரு சாவி காவலாளியிடம் இருந்தது. இருவரும் வருஷக்கணக்காக ஒரே பிளாஸ்கில் டீ குடிப்பவர்கள்.

"உண்மையச் சொல்லு. மாத்திரை போட்டியா?"

"நான் எதுக்குப் போடறேன்? குளத்துக்குத் தலைவலியா?"

"விளையாடாத. சாவி உன்கிட்டதான் இருக்கு."

காவலாளியின் சிரிப்பு நின்றது. வளையத்திலிருந்து சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தார். "நீயே வச்சுக்க." அதன்பின் டீ நேரத்தில் காவலாளி வாசலை விட்டு வரவில்லை.

குளம் பச்சையாகத் தொடங்கியது. அதை மனைவிதான் முதலில் பார்த்துச் சொன்னாள். காலையில் குளோரின் ஊற்றிச் சோதித்தால், குளோரின் இருப்பதைக் காட்டும் ரோஸ் நிறம் நன்றாக வந்தது. மதியம் சோதித்தால் வெறும் தண்ணீர்.

மருந்தண்ணன் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். ஸ்டெபிலைசர் மிஞ்சியிருந்தால் வெயில் இப்படித் தின்னாது. குடையே இல்லாத தண்ணீர்தான் இப்படி ஆகும். ஆனால் புள்ளி மறைகிறதே.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததற்கு மனைவி சிரித்தது நினைவுக்கு வந்தது. கண் டாக்டரிடம் போகச் சொல்லி அவள் கெஞ்சியதும், வெயிலில் நிற்கிறவனுக்குக் கண் கூசத்தான் செய்யும் என்று இவர் எரிந்து விழுந்ததும்.

துடைப்பத்தோடு போனவளைக் கூப்பிட்டார். குழாயைக் காட்டினார்.

"உள்ள புள்ளி தெரியுதா?"

"தெரியுது."

அவருக்கு மறைந்திருந்தது. மேலும் ஊற்றினார்.

"இப்ப?"

"தெரியுது."

குழாய் வாய்வரை நிரம்பியது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியலையா?"

"நான் உன்னக் கேட்டேன்."

"தெரியுதுங்க," என்றாள், மெதுவாக.

அவள் அளந்து கொடுக்க, ஸ்டெபிலைசர் தூளைப் பழைய காலுறையில் போட்டுக் கட்டி, குளத்துக்குள் தண்ணீர் வந்து விழும் இடத்தில் தொங்கவிட்டார். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"நீ போடல."

"அதத்தான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் காவலாளி.

"தண்ணியில ஒண்ணுமில்ல. என் கண்ணுதான்."

காவலாளி பிளாஸ்க்கை வாங்கி, தானே டீயை ஊற்றினார். கப்பை நீட்டவில்லை. மருந்தண்ணன் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்றார். மானேஜர் விடுவதாக இல்லை. "அளக்கிறதுக்கு அக்கா இருக்காங்கல்லண்ணே. நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க, போதும்."

"அளக்கிறது மட்டும்னா சரி சார். அடியில ஒரு பிள்ள கெடந்தா?"

மருந்தண்ணன் இரண்டு சாவிகளையும் மேஜைமேல் வைத்தார். "ஒண்ணு வாசல்ல இருக்கிறவனோடது. அவன்கிட்டயே குடுத்துருங்க."

கண் நரம்பு கெட்டுவிட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். முன்னமே வந்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் மட்டும் வேலைக்குப் போகிறாள். குளத்தை அளப்பதும் அவள்தான். ஒரு சாயங்காலம் குளோரின் வாசனையோடு வீட்டுக்குள் வந்தவளிடம் கேட்டார்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிஞ்சிருச்சு. அடியில கல்லு கல்லா எண்ணலாம்."

"புள்ளி எங்க மறைஞ்சுது?"

அவள் பையைக் கீழே வைத்தாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, ஒரு ரேகைக்குச் சற்று மேலே நகத்தால் அழுத்தினாள்.

"அதான் சரியான அளவு," என்றார். விரலை அவளிடமே விட்டிருந்தார்.