ஒற்றை ஆளுக்கு ஒரு முழு மாடு

திகாங் மாமாவின் பட்டிக்கு நான் செவ்வாய்க்கிழமைதோறும் போவேன். ஆழ்துளைக் கிணற்று எஞ்சினுக்கு என் வண்டியில் டீசல் கொண்டுபோய் ஊற்றுவது என் வேலை. எங்கள் ஊரான லெத்லாகெங்கிலிருந்து மணல் பாதையில் இரண்டு மணி நேரம். வழியில் பதினோரு மாட்டுப் பட்டிகள். கடைசிப் பட்டி அவருடையது. மற்ற இடங்களில் டீசலை ஊற்றியதும் கிளம்பிவிடுவேன். அவரிடம் அது நடக்காது. வாரம் முழுக்க யாரிடமும் பேசாமல் அடக்கிவைத்ததையெல்லாம் நான் இருக்கும் ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தாக வேண்டும் அவருக்கு.

இருபத்தாறு வருடம் ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் இருந்தவர். பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஊர் வருவார், மூன்று வாரம் இருப்பார், திரும்பிவிடுவார். வேலையை விட்டு ஒரேயடியாக வந்தபோது மகள் பொனோலோ கல்யாணமாகிப் போயிருந்தாள். வீட்டில் மனைவி மட்டும். இரண்டு பேருக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. தேநீரில் அவள் எவ்வளவு சர்க்கரை போடுவாள் என்று அவருக்குத் தெரியாது. நாலு மாதம் இருந்து பார்த்தார். “மாட்டைப் பாத்துட்டு வரேன்” என்று பட்டிக்குக் கிளம்பினார். நான் சொல்லும் சம்பவம் அதற்கு ஏழு வருடம் கழித்து நடந்தது.

நவம்பர் மாதம். காலை ஒன்பது மணிக்கே வெயில் தீயாக எரிந்தது. நான் போனபோது அவர் வேலிக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சுட்டிப் பசு படுத்திருந்தது. எறும்புத்தின்னி தோண்டிய வளையில் கால் விட்டு, முன்னங்கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்தது. தன் கோட்டைக் கழற்றி மாட்டின் முகத்துக்கு நிழலாகப் பிடித்திருந்தார்.

“ஓடிரிலே,” என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “கத்தி பிடிக்கத் தெரியுமா உனக்கு?”

“தெரியும் மாமா.”

“அப்ப வா. அது இதுக்கு மேல தாங்காது.”

அறுத்து, தோலுரித்து, துண்டமாக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. தொடைகளையும் தோள்களையும் பெரிய முள்மரத்தின் நிழலில் தொங்கவிட்டோம். மண் ஒட்டிய இரண்டு துண்டுகள் மேல் நான் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அப்புறம்தான் அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். ஒரு முழு மாடு தொங்குகிறது. தின்ன ஒரே ஒரு ஆள். பக்கத்துப் பட்டிக்காரன் ஊருக்குப் போயிருந்தான். அடிபட்ட மாட்டை ஊர்க் கறிக்கடையில் வாங்க மாட்டார்கள். மேற்கே மேகம் வேறு திரண்டுகொண்டிருந்தது.

“உப்பு எவ்ளோ இருக்கு மாமா?”

அவர் குடிசைக்குள் போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து ஆட்டிக் காட்டினார். அடியில் கலகலவென்று கொஞ்சம் சத்தம் கேட்டது.

“கடைக்குப் போயிட்டு வா. இருக்கறதெல்லாம் வாங்கிக்க. பொனோலோ அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டு இருக்காத.”

ஊருக்குப் போனால் கடையில் ஆறு பாக்கெட்தான் இருந்தது. ஒரு மாட்டுக்கு அது காணாது. வேறு வழியில்லாமல் பொனோலோ அம்மா வீட்டுக் கதவைத்தான் தட்டினேன். அவள் என்னை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. நின்ற வாக்கிலேயே விசாரணையைத் தொடங்கினாள்.

“எந்த மாடு?”

“சுட்டி.”

“கறிய எங்க வச்சிருக்கார்?”

“மரத்துல. நெழல்லதான்.”

“தண்ணி ஊத்திக் கழுவலையே?”

நான் காலைப் பார்த்தேன். “ரெண்டு துண்டு... நான்தான்...”

“கெட்டுது போ! ஈரம் பட்ட கறி எப்படிடா காயும்? உன் ஆத்தா உனக்கு எதுவுமே சொல்லித் தரலையா?” என்றபடி உள்ளே போனவள், அரை மூட்டை உப்பும், தேய்ந்து மெலிந்த ஒரு கத்தியும், இரண்டு வெள்ளைத் துணிப் பைகளுமாக வந்து வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவளைப் பார்த்ததும் மாமா எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார், யாரோ அதிகாரி வந்ததுபோல.

“உப்பு கேட்டிருந்தீங்களாம் பொனோலோ அப்பா.”

“ஆமா. ஆனா நீ வரணும்னு...”

“உப்பு தானா தடவிக்குமா? கையக் கழுவிட்டு வாங்க. ரெண்டு பேரும்.”

கழுவிய துண்டுகளை முதலில் பிரித்துப் பானையில் போட்டாள். அது இன்றைக்கே வேகவேண்டியது. ஈரலையும் குடலையும் அதோடு சேர்த்தாள். மற்றதைக் கயிறுபோல நீள நீளமாக, நார் ஓடும் வாக்கிலேயே, ஒரு விரல் கனத்துக்கு அறுத்தாள். நான் அறுத்ததை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். “இது என்ன, செருப்பா? மெல்லிசா அறு. தடிச்சா வெளியே காயும், உள்ளே அழுகும்.” உப்பில் புரட்டி ஊறவைத்து, ஒன்றோடொன்று உரசாமல் கம்பியில் மாட்டி, ஈ அண்டாமல் கீழே சாணிப் புகை போட்டோம். கொழுப்பைத் தனியாக உருக்கி டின்னில் ஊற்றினாள். மாமா ஒரு எடுபிடி மாதிரி அவள் பின்னாலேயே நடந்தார். அந்தக் கைகளின் வேகத்தை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு நானும் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை அவள் கம்பி நெடுக மோந்துகொண்டே வந்தாள். தோள் எலும்பை ஒட்டி அறுத்த நாலு துண்டுகளைக் கழற்றி நாய்களுக்கு எறிந்தாள்.

“ஏய், நல்ல கறி அது!” என்றார் மாமா. “சுரங்கத்துல இதவிட மோசமானதெல்லாம் தின்னிருக்கேன்.”

“அங்க உங்களுக்குப் பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்துச்சு. இங்க வயித்துப்போக்கு வந்தா யாரு தூக்கிட்டுப் போவா? மாடா?”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஏழு மாதமாக ஒரு துளி இல்லாத இடத்தில், எல்லாரும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட மழை. மாமா கம்பியிலிருந்து கறியை அள்ளிக்கொண்டே மழையை வாயில் வந்தபடி திட்டினார்.

“இந்த நாட்டுல மழையத் திட்டின மொத ஆளு நீங்கதான்!” என்று கத்தினாள் அவள், முந்தானைபோலக் கட்டியிருந்த சால்வையில் கறியைச் சுமந்தபடி ஓடிக்கொண்டே.

குடிசைக்குள் கூரைக் கட்டைகளில் கயிறு கட்டி எல்லாவற்றையும் மாட்டினோம். தலை நிமிர்த்தினால் கறி நெற்றியில் இடித்தது. நடுவில் புகை போட்டுவிட்டு, மூவரும் கண் எரியச் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம்.

“இதெல்லாம் நீ எங்க கத்துக்கிட்ட?” என்று கேட்டார் மாமா.

“எங்க கத்துப்பாங்க? ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு மாடு அறுப்பேன். யாரு இருந்தா எனக்கு? நானே அறுத்து நானே காயவைப்பேன். உங்க பங்கத் தனியா ஒரு பையில போட்டுக் கட்டி வைப்பேன். தொடைக் கறி. கிறிஸ்துமஸுக்கு வருவீங்களேன்னு.”

“நான் தின்ன ஞாபகம் இல்லையே.”

“வந்த வருஷம் தின்னீங்க. கேக்காமத் தின்னீங்க. வராத வருஷம் புழு பூந்துரும். ஒரு வருஷம் மூணு நாள் வெயில்ல போட்டுப் பாத்தேன், மறுபடி பொகை போட்டேன். அப்பவும் சரியாகல. நாய்க்குப் போட்டேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு ஒப்பிக்கிறதுபோலத்தான் சொன்னாள். மாமா குச்சியால் தணலைக் கிளறினார். எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனபோது அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். கறி காய்ந்து கறுத்திருந்தது. ஒன்றை வளைத்துக் காட்டினாள். படக்கென்று ஒடிந்து உள்ளே வெள்ளை நார் தெரிந்தது. துணிப் பைகளில் நிரப்பி, காற்றுப் படும்படி உத்தரத்தில் கட்டியிருந்தாள். “பிளாஸ்டிக் பையில மட்டும் போட்டுராதீங்க. வேர்த்துப் பூசணம் புடிச்சிரும்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, தன் பங்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

மாமா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அடுத்த வாரமும் ஓடிரிலே வருவான்” என்றார்.

“ஆமா, அவன் வேலை அது.”

“இல்ல... அவன் பக்கத்து சீட்டு வெறுமனேதான் வரும்னு சொன்னேன்.”

அவள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். “அங்க எனக்குக் கோழி இருக்கு, சர்ச் இருக்கு, பொனோலோ புள்ளைங்க லீவுக்கு வருதுங்க. உங்களுக்கு வீடு எங்க இருக்குன்னு தெரியும்ல?”

கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவரே என் வண்டியில் ஊருக்கு வந்தார். சட்டையைச் சூடான இரும்புத் துண்டால் தேய்த்து மடிப்பு நீக்கிப் போட்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார், திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லி.

“என்ன மாமா, ஒரு நாள்கூட ஆகல?”

“நல்லாத்தான் பாத்துக்கிட்டா” என்றார். “நாற்காலி போட்டா. விருந்தாளிங்களுக்குன்னு ஒரு கப் வச்சிருக்கா, பூப் போட்டது, அதுல டீ குடுத்தா. ராத்திரி தங்குங்கன்னா. தங்கினேன். ஆனா எந்தப் பக்கம் படுக்கறதுன்னு எனக்குத் தெரியல, ஓடிரிலே. அவளும் சொல்லல.”

பட்டி வந்ததும் இறங்கி, மாடுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கப் போனார்.

இப்போது அவர் மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறார். என் வண்டியில் வந்து, அவள் கோழிக்கூட்டைச் செப்பனிட்டு, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் நான் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும் நேரத்துக்கு ரோட்டோரம் வந்து நிற்கிறார். சில மாதம் அவளும் கூட வந்து நிற்கிறாள். வண்டி வரும் வரை இரண்டு பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கை தூரம் விட்டு நிற்பார்கள்.