லூசியம்மாளின் தைம் தொட்டிகள்

செம்பூரில் எண்ணெய்க் கம்பெனித் துரை ஒருவரின் பங்களாவில் லூசியம்மாள் சமையல்காரியாக இருந்தாள். வீடு தாராவியில்; கோலி என்று அங்கே சொல்லும் ஒற்றை அறை. கணவன் வேதமுத்துவுக்குத் தோல் கிடங்கில் வேலை. ஒரே மகள் சகாயராணி.

பங்களாவின் பின்புறத்தில் துரையின் மனைவி மேம்சாப், தைம் என்ற சீமைச்செடியை விதை போட்டு வளர்த்தாள். பொடிப்பொடி இலை. கசக்கினால் ஓமம் போல வாசம். முதல் மழைக்காலத்தில் எல்லாம் வேரழுகிச் செத்தன. மறு தடவை லூசியம்மாளே தொட்டி நிரப்பினாள். மண்ணுக்குச் சரியாக மணலும் ஓட்டுச் சில்லும் கலந்தாள். மழை பிடித்ததும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைத்தாள். மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் காட்டினாள். செடி பிழைத்துக்கொண்டது. சூப்பிலும் கோழியிலும் அதைப் போட்டாள். துரைக்குச் சளி பிடித்தால் வெந்நீரில் ஊறவைத்துத் தேன் விட்டுக் கொடுத்தாள்.

அறுபத்து நாலாம் வருஷ மழையில் வேதமுத்து இருமத் தொடங்கினான். லூசியம்மாள் தினமும் ஒரு கொத்து தைம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து காய்ச்சிக் கொடுத்தாள்.

"தொரைமாரு தின்னுத புல்லையெல்லாம் எனக்குக் குடுக்க" என்று சிரித்துக்கொண்டே குடித்தான். கிடங்குக்கு மட்டும் லீவு போடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சு முழுக்கக் கெட்டிருந்தது. ஆகஸ்டு முடிவதற்குள் போய்விட்டான்.

லூசியம்மாளுக்கு அழுகை வரவில்லை. பக்கத்துக் கோலி பேராச்சி தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுதிருட்டி. உள்ளுக்குள்ள வைக்காத." அவள் பேராச்சியின் கையை எடுத்து விலக்கிவிட்டு, வந்தவர்களுக்கு டீ போடப் போனாள்.

அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். ஒருநாள் மேம்சாப் சமையலறைக்கு வந்து அரைகுறை இந்தியில் கேட்டாள். "லூசி, கோழியில் தைம் இரண்டு தடவை போட்டாயா?"

"மாலூம் நஹி, மேம்சாப்."

உண்மையாகவே தெரியவில்லை. சட்டியின் மேல் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஆவி முகத்தில் அடித்தது. வேறொன்றும் இல்லை.

நவம்பரில் துரைக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்தது. மேம்சாப் இரண்டு தொட்டிகளை அவளுக்கே கொடுத்துவிட்டாள். லூசியம்மாள் கோணிப்பையில் வைத்து, சயான் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நடந்தாள். ஏன் சுமக்கிறோம் என்று யோசிக்கவில்லை. கொடுத்தார்கள், கொண்டு வந்தாள்.

வாசலில் வெயில் விழும் இடத்தில் தொட்டிகள் இருந்தன. எதிர்க் கோலி ராபியா ஒருநாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, மவனுக்கு இருமல் நிக்கவே இல்ல. மூச்சு இழுக்குது. அந்த எலையில கொஞ்சம் தாங்களேன்."

லூசியம்மாள் செடியைப் பார்த்தாள்.

"அவுகளுக்கும் இதைத்தான் குடுத்தேன்" என்றாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "பிள்ளையத் தூக்கு. சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வரிசையில் நின்று சீட்டு வாங்கினாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் ராபியா திணற, இவளே இந்தியில் பதில் சொன்னாள். பிள்ளையை உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இனிப் பயமில்லை என்று நர்ஸ் சொன்னதும் ராபியா அவள் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். முதுகைத் தடவிக் கொடுத்தபடி லூசியம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோன்புப் பெருநாள் அன்று ராபியா கறி கொண்டுவந்தாள். கேட்டு வாங்கிப்போன தைம் இலையைக் கிள்ளிப் போட்டிருந்தாள். சகாயராணி தட்டை நக்காத குறை.

"உப்பு காணுமாக்கா?"

"தெரியல பிள்ள. வாயில ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ராபியா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

"தெரியாட்டா என்ன. தின்னுங்க."

லூசியம்மாள் தின்றாள். மறுநாள் மாடுங்காவில் ஒரு பார்சி வீட்டில் புது வேலைக்குச் சேர வேண்டியிருந்தது. கையைக் கழுவிவிட்டு, சேலையை அலசிப் போட எழுந்தாள்.